தள்ளுபடி அறையும் ஆய்வு மாணவரும்

கருத்தரங்கப் பருவம் நெருங்கும்போதெல்லாம் ஆய்வு மாணவர்களிடையே ஓர் அறிவுரை சுற்றிவருகிறது. மூன்று நான்கு முன்பதிவுத் தளங்களைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தால் நல்ல தங்கும் விடுதியிலேயே பாதி வாடகைக்கு அறை கிடைக்கும், முழு வாடகை கொடுப்பவர் விவரமறியாதவர் என்பது அதன் சாரம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வாடகை குறைவதற்கு ஈடாக வாங்குபவர் ஏதோ ஓர் உரிமையை விட்டுக்கொடுக்கிறார் என்பதை அறிவுரை சொல்பவர்கள் குறிப்பிடுவதில்லை. எந்த உரிமை கைவிட்டுப் போகிறது என்பது தெரிந்து, அதை இழக்கவும் வசதியுள்ளவருக்குத் தள்ளுபடி ஆதாயம். இழக்க வசதியில்லாதவருக்கு அது கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பண்டம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். அவர்களை அவ்வகையில் நிறுத்துவதில் முன்பதிவுத் தளங்களுக்கு உள்ள பங்கைவிட அவர்களுடைய நிறுவனங்களுக்கு உள்ள பங்கு பெரிது.

இந்தக் கொடுக்கல்வாங்கலை ஓரளவு வெளிப்படையாகவே நடத்திய தளம் அமெரிக்காவின் பிரைஸ்லைன். 1998-இல் தொடங்கிய அந்நிறுவனம் 'உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்' என்ற முறைக்குக் காப்புரிமையே பெற்றிருந்தது. 'ஸ்டார் டிரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னர் அதன் விளம்பரங்களில் தோன்றினார். தங்க வேண்டிய நகரம், நகரின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரத் தரம், எந்த நாள்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தாம் கொடுக்க விரும்பும் வாடகையைப் பயணி எழுத வேண்டும். கடனட்டை விவரத்தையும் அப்போதே தந்துவிட வேண்டும். அந்த வாடகைக்கு ஒப்பும் விடுதி இருந்தால் பணம் உடனே எடுத்துக்கொள்ளப்படும். அதன் பிறகே விடுதியின் பெயர் தெரியவரும். விடுதி பிடிக்கவில்லை என்றாலும் சரி, பயணம் தள்ளிப்போனாலும் சரி, பணம் திரும்ப வராது. கேட்ட விலை ஏற்கப்படாவிட்டால், அதே விவரங்களோடு மீண்டும் கேட்க ஒரு நாள் காத்திருக்க வேண்டும். உடனே கேட்க வேண்டுமானால் பகுதியையோ தரத்தையோ மாற்ற வேண்டும். பழக்கப்பட்டவர்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். நான்கு நட்சத்திர விடுதியே இல்லாத ஒரு பகுதியைப் பட்டியலில் கூடுதலாகச் சேர்த்தால், அங்கே போய் மாட்டிக்கொள்ளும் அபாயம் இல்லாமல் இன்னொரு முறை சற்று உயர்த்திக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு நகரில் அப்படிப்பட்ட பகுதிகள் எத்தனை என்று எண்ணி வைத்திருப்பதே அந்நாளில் ஒரு புலமையாக இருந்தது.

இதை ஏலம் என்றே பலரும் அழைத்தார்கள். பொருளியல் மாணவர் எவரும் அந்தச் சொல்லில் சற்றுத் தயங்குவார். ஏலத்தில் வாங்குபவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுகிறார்கள். வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிய கட்டுரையில், அதிகம் கேட்டவர் வென்று இரண்டாவது அதிக விலையைச் செலுத்தும் ஏற்பாட்டில், உள்ளபடியே தம் மதிப்பைச் சொல்வது எவருக்கும் நட்டமாகாது என்று காட்டினார். பிரைஸ்லைனில் போட்டியாளர் இல்லை. திரைக்குப் பின்னால் விடுதி வைத்திருக்கும் ஓர் எல்லை விலை மட்டுமே உண்டு. எல்லை 60 டாலராக இருக்கையில் 90 என்று எழுதியவர் 90-ஐயே கட்ட வேண்டும். எனவே உண்மையைச் சொல்பவர் இழக்கிறார், குறைத்துச் சொல்பவர் பிழைக்கிறார். நம் ஊர்ச் சந்தையின் பேரத்துக்கு இது நெருக்கமானதுதான். ஆயினும் சந்தையில் விற்பவரின் முகம் தெரியும். கட்டுப்படியாகாது என்று நான்கு அடி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடும் குரலும் கேட்கும். இங்கே நடந்து காட்டவும் இடமில்லை, கூப்பிடவும் ஆளில்லை.

விடுதிகள் ஏன் இதற்கு ஒப்பின? இன்றிரவு காலியாகக் கிடக்கும் அறையை நாளை விற்க முடியாது. துப்புரவு, மின்சாரம், சோப்பு ஆகியவற்றின் செலவுக்கு மேல் எது வந்தாலும் வரவே. ஆனால் அறிவிப்புப் பலகையில் வாடகையைக் குறைத்தால், முழு வாடகை கொடுக்கத் தயாராக வந்தவரும் குறைந்ததையே கொடுப்பார். ஆகவே குறைத்தும் விற்க வேண்டும், குறைத்தது தெரியவும் கூடாது. பெயரை மறைப்பது இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 2000-இல் வந்த ஹாட்வயர் தளம் விலையை முதலிலேயே காட்டிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தது. இரண்டும் ஒரே தந்திரத்தின் இரு வடிவங்கள்.

தந்திரத்தின் மூலம் வானூர்தித் துறையில் இருக்கிறது. மலிவுக் கட்டண நிறுவனமான பீப்பிள் எக்ஸ்பிரஸின் போட்டியைச் சமாளிக்க, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-இல் மிகக் குறைந்த கட்டணங்களை அறிமுகப்படுத்தியது. அவற்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். வாங்கியபின் விருப்பம்போல் மாற்றவோ திருப்பவோ கூடாது. வருவாய் மேலாண்மையில் இத்தகைய நிபந்தனைகளுக்கு 'வேலி' என்று பெயர். கடைசி நேரத்தில் முடிவெடுக்கும், நிறுவனம் பணம் கட்டும் வணிகப் பயணி வேலிக்கு ஒரு பக்கம். பல வாரங்களுக்கு முன்பே திட்டமிடும், சொந்தப் பணத்தை எண்ணிச் செலவிடும் குடும்பம் மறுபக்கம். முன்னவரிடம் அதிகமும் பின்னவரிடம் குறைவும் வாங்கலாம். இன்று எந்த முன்பதிவுத் தளத்திலும் ஒரே அறைக்கு 'ரத்து செய்யலாம்', 'ரத்து செய்ய இயலாது' என்று இரு வாடகைகள் காட்டப்படுவது இந்த வேலியின் வாரிசுதான்.

இந்திய ஆய்வு மாணவர் இவ்வேலியின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். அவரது பணப்பை அந்தக் குடும்பத்தினுடையதைவிடச் சிறியது. அவரது நிச்சயமின்மையோ வணிகப் பயணியினுடையது. கட்டுரை ஏற்கப்பட்டதா என்பது தாமதமாகத் தெரிகிறது. நெறியாளரின் கையொப்பம், துறைத்தலைவரின் பரிந்துரை, விடுப்பு, நிதி ஒப்புதல் என்று கோப்பு நகர்ந்து முடிவதற்குள் பயண நாள் அடுத்த வாரத்துக்கு வந்துவிடுகிறது. வணிகப் பயணிக்கும் ஏழைக்குமாகப் போடப்பட்ட வேலி, வணிகப் பயணியைப் போல நடக்க வேண்டியிருக்கிற ஏழையைப் பற்றி எதுவும் யோசித்திருக்கவில்லை.

அதற்குள் நுழையுமுன் இந்தியச் சந்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விலை கேட்கும் முறை இங்கே பெரிதாக வேரூன்றவில்லை. பிறந்த இடத்திலும் அது நிலைக்கவில்லை: பிரைஸ்லைன் வானூர்திச் சீட்டுகளுக்கு அதை 2016-இல் கைவிட்டது, பின்னர் விடுதிகளுக்கும் விட்டது. 2005-இல் அந்நிறுவனம் வாங்கிய புக்கிங்.காம், பெயரையும் விலையையும் திறந்தே காட்டித் தரகு வாங்கும் எளிய வழியில் வளர்ந்து தாயை விழுங்கியது. 2018-இல் தாய் நிறுவனமே புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

இந்தியாவில் வேரூன்றாமைக்குத் தனிக் காரணமும் உண்டு. பெயர் தெரியாமல் அறை வாங்க வேண்டுமானால் நட்சத்திரத் தரத்தின் மீதாவது நம்பிக்கை வேண்டும். இங்கே சுற்றுலா அமைச்சகத்தின் தரப்படுத்தல் கட்டாயமன்று. விரும்பும் விடுதி விண்ணப்பிக்கலாம். ஆய்வு மாணவர் தேடும் விலைக்குள் வரும் விடுதிகளில் பெரும்பாலானவை அந்த வழிக்கே போவதில்லை. பகார்கஞ்சின் 'மூன்று நட்சத்திரமும்' கொல்கத்தா சதர் தெருவின் 'மூன்று நட்சத்திரமும்' தளம் தானாக ஒட்டிய சீட்டுகளாக இருக்கலாம். தரம் தெரியாத சந்தையில் வாங்குபவர் சராசரிக்குமேல் கொடுக்க மறுப்பார், அதனால் நல்ல பண்டம் வெளியேறும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கிய நிலை இதுவே. 2013-இல் தொடங்கிய ஓயோ இந்த வெற்றிடத்தில்தான் நுழைந்தது. அமெரிக்கத் தளங்கள் விடுதியின் பெயரை மறைத்தன. இங்கே சிறு விடுதியின் பெயர் பின்னுக்குப் போய் வணிகப் பெயரும் ஓர் எண்ணும் முன்னுக்கு வந்தன. அது தரச் சிக்கலைத் தீர்த்ததா என்பதை அத்தகைய விடுதிகளில் தங்கியவர்கள் தீர்ப்பளிக்கட்டும்.

இங்கே தழைத்தது வேறொன்று: அடித்துக் காட்டப்பட்ட விலை. 5,000 என்று எழுதிக் குறுக்கே கோடிட்டு, கீழே 1,999 என்று தடித்த எழுத்தில் காட்டுவது. முதலில் கண்ணில் படும் எண் பின்வரும் மதிப்பீட்டை இழுத்துப் பிடிக்கும் என்பதை அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இலேயே ஆய்வுக்கூடத்தில் நிறுவினார்கள். கோடிடப்பட்ட 5,000-க்கு அந்த அறை என்றேனும் விற்றதா என்று எவரும் கேட்பதில்லை. ஓராண்டுக்காலம் அரசே அந்த எண்ணை நம்பியது என்பது சுவையான செய்தி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது விடுதி அறைக்கான வரி விகிதம் 'அறிவிக்கப்பட்ட வாடகை'யை வைத்தே முடிவாயிற்று. 3,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட அறையை 2,000-க்குத் தங்கியவரும், 2,500-க்கு மேற்பட்ட அறைக்குரிய 18 விழுக்காட்டைக் கட்ட வேண்டியிருந்தது. 2018 ஜூலையில்தான் உண்மையில் வாங்கிய வாடகையே விகிதத்தைத் தீர்மானிக்கும் என்று விதி மாறியது. வரித்துறை விட்டொழித்த அந்தக் கற்பனை எண் தளங்களில் இன்றும் வாழ்கிறது.

வரியைப் பற்றி இன்னொரு சொல். 2022 ஜூலை 18 வரை ஓரிரவுக்கு 1,000 ரூபாய் வரையான அறைகளுக்கு வரியில்லை; அன்று முதல் அவற்றுக்கும் 12 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு 5 விழுக்காடு. 2,000 ரூபாய் அறைக்கு 240 கட்டிய இடத்தில் இப்போது 100 கட்டினால் போதும். தேடல் பக்கத்தில் தெரியும் தொகை பெரும்பாலும் வரி சேராதது என்பதால், ஒப்பிடுபவர் கடைசிப் பக்கம்வரை போய் அங்கே நிற்கும் தொகைகளைத்தான் ஒப்பிட வேண்டும். வசதிக் கட்டணம், தானாகவே குறியிடப்பட்டிருக்கும் பயணக் காப்பீடு, ஏதோ ஓர் அறக்கட்டளைக்கான நன்கொடை ஆகியவை அங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குதல், கூடையில் தெரியாமல் பொருளைச் சேர்த்தல், விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுதல் ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உண்டு. 'இந்த விலையில் ஒரே ஓர் அறை' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துக் கை நடுங்கும் முதலாண்டு மாணவர் இதை அறிந்திருப்பது நல்லது. அந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்கலாம். தளத்துக்கு அவ்விடுதி ஒதுக்கியதே ஓர் அறையாக இருக்கக்கூடும். விடுதி முழுவதும் நிரம்பிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

அப்படியானால் குறைந்த வாடகை எங்கேதான் இருக்கிறது? பெரும்பாலும் தளத்துக்கும் விடுதிக்கும் இடையிலான தரகில். தரகின் அளவு விடுதிக்கு விடுதி மாறும். கணக்குக்காக ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். தளத்தில் 2,000-க்குத் தெரியும் அறையில் விடுதியின் கைக்கு 1,600 போகிறது. நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து 1,750-க்குக் கேட்டால் கேட்பவருக்கு 250 மிச்சம், விடுதிக்கு 150 கூடுதல். இவ்வளவு எளிய கணக்கு இருந்தும் விடுதிகளின் சொந்த இணையப் பக்கங்களில் குறைந்த வாடகை தென்படாததற்குக் காரணம் ஒப்பந்தங்கள். தளத்தில் காட்டும் வாடகையைவிடக் குறைவாக வேறெங்கும் காட்டக் கூடாது என்ற விலைச் சமநிலை நிபந்தனையைத் தளங்கள் விடுதிகள்மேல் சுமத்தின. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 19 அன்று, விடுதி உரிமையாளர்களின் கூட்டமைப்பு முதலானோர் கொண்டுவந்த வழக்கில், மேக்மைட்ரிப்–கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. விடுதிகளோடான ஒப்பந்தங்களில் அத்தகைய சமநிலை நிபந்தனைகளை நீக்குமாறு மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஜெர்மனியின் போட்டி ஆணையம் இதே வகை நிபந்தனையை 2013-இல் எச்.ஆர்.எஸ். தளத்துக்கும் 2015-இல் புக்கிங்.காமுக்கும் தடை செய்திருந்தது. பிரான்சு 2015-இல் சட்டத்தின் மூலமே ஒழித்தது.

இந்த வழக்குகளிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்கொள்ளத்தக்க நடைமுறைப் பாடம் ஒன்றுதான். தளத்தைத் தேடுவதற்கும் படங்களையும் கருத்துரைகளையும் பார்ப்பதற்கும் பயன்படுத்திவிட்டு, விடுதியின் வரவேற்பு மேசையை நேரடியாக அழைக்க வேண்டும். நிபந்தனைகள் பொதுவில் காட்டப்படும் விலையைக் கட்டுப்படுத்தினாலும், தொலைபேசியில் ஒருவரிடம் சொல்லும் விலையைக் கண்காணிப்பது கடினம். அழைத்தவர் மூன்றிரவுக்கு மேல் தங்குவதாகவும், பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாகவும் சொன்னால் வாடகை இன்னும் இறங்க இடமுண்டு. ஆவணக் காப்பகங்களுக்கு அருகிலுள்ள சிறு விடுதிகளுக்கு, பகல் முழுவதும் வெளியே இருந்து இரவு மட்டும் வந்து படுக்கும் வாடிக்கையாளர் வரம் போன்றவர். வாரத்தின் நாளும் பொருட்டானது. பெங்களூரின் அலுவலகப் பகுதி விடுதிகள் சனி, ஞாயிறுகளில் காலியாகும். மைசூரும் புதுச்சேரியும் அதே நாள்களில் நிரம்பும். ஆய்வுப் பயணத்தை இரண்டு நாள் நகர்த்த முடிந்தவருக்கு எந்தத் தள்ளுபடிச் சீட்டும் தராத மிச்சம் கிடைக்கும். கருத்தரங்கங்களோ நகர்வதில்லை. இந்திய வரலாற்றுப் பேரவை உட்படப் பல கூடுகைகள் டிசம்பர் இறுதியில், சுற்றுலாவும் திருமணங்களும் விடுதிகளை நிரப்பும் வாரத்திலேயே வழக்கமாக நடக்கின்றன. கல்லூரி விடுமுறை என்ற ஒரே வசதிக்காக ஆண்டின் மிக விலையுயர்ந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இளம் ஆய்வாளர்கள் ஏன் வருவதில்லை என்று கவலைப்படும் அமைப்பாளர்கள் உண்டு.

கடைசி நேரத் தள்ளுபடி என்று ஒன்றிருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் விற்காத அறைகளின் வாடகை சரியும். அதற்காகக் காத்திருந்து வாங்குவதைச் சிலர் கலையாகவே பேசுவார்கள். பெரும்பாலும் ஆண்கள் பேசுவார்கள். அறிமுகமில்லாத நகரில் இரவு எட்டு மணிக்குப் பயணப்பையோடு நின்று கைப்பேசியில் விலை இறங்கக் காத்திருப்பது எல்லாருக்கும் இயலும் காரியமன்று. தனியாகப் பயணம் செய்யும் ஆய்வு மாணவி, அறையின் விலையோடு தெருவின் விளக்கையும், வரவேற்பு மேசையில் இருப்பவரின் நடத்தையையும், நிலையத்திலிருந்து உள்ள தூரத்தையும் சேர்த்தே வாங்குகிறார். முன்பதிவு இருந்தும், அடையாள அட்டையிலுள்ள பெயரையோ முகவரியையோ பார்த்த பின் 'அறை இல்லை' என்று சொல்லப்படும் அனுபவமும் இந்நாட்டில் புதிதன்று. அப்படிப்பட்டவர்களுக்குத் தெரிந்த விடுதியில், ரத்து செய்யும் உரிமையோடு, சற்றுக் கூடுதல் வாடகைக்குத் தங்குவதே சிக்கனம். 'ஒப்பிட்டுப் பார், குறைவாகக் கிடைக்கும்' என்ற அறிவுரை, கேட்பவர் யார் என்று பாராமல் சொல்லப்படுகிறது.

இனி நிறுவனங்களுக்கு வரலாம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-இல் ஒன்றிய அரசு வகுத்த பயணப்படி விதிகளில், ஊதிய நிலை 14-உம் அதற்கு மேலும் உள்ளவர்க்கு விடுதிச் செலவாக நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை, 12, 13-ஆம் நிலையினர்க்கு 4,500, 9 முதல் 11 வரை உள்ளவர்க்கு 2,250, 6 முதல் 8 வரை உள்ளவர்க்கு 750, அதற்கும் கீழே 450 என்று எல்லைகள் தொடக்கத்தில் இருந்தன. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக இவ்விதிகளையே பின்பற்றுகின்றன. அப்போது 10-ஆம் நிலையில் பணியேற்ற உதவிப் பேராசிரியர் 2,250-க்குள் அறை தேட வேண்டியிருந்தது. ஆய்வு மாணவர் எந்த ஊதிய நிலையிலும் இல்லை. நெட் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அவர் கலை, சமூக அறிவியல் துறையினராக இருந்தால் முதலிரண்டு ஆண்டுகளில் தற்செயல் செலவுக்கென ஆண்டுக்கு 10,000. 2,250 வாடகையில் நான்கு இரவு தங்கினால் அதில் 9,000 போய்விடும். ஜன்பத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் நான்கு நாளில் பட்டியல்களைப் புரட்டத்தான் நேரமிருக்கும். அந்த உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்க்கு மாதம் 8,000 மட்டுமே. இரண்டே இரவு அதில் பாதிக்குமேல் தின்றுவிடுகிறது. அதையும் கையிலிருந்து முன்பே கட்டிவிட்டு, திரும்ப வருமா என்று காத்திருக்க வேண்டும்.

திரும்ப வருவதில்தான் தள்ளுபடித் தளங்களின் மறைவிலை தெரிகிறது. தளத்தில் முன்பணம் கட்டியவர் புறப்படும் நாளில் விடுதியில் ரசீது கேட்டால், 'நீங்கள் எங்களிடம் பணம் கட்டவில்லையே' என்ற பதில் வருவதுண்டு. தளம் அனுப்பும் உறுதிச்சீட்டையோ கணக்குப் பிரிவு ரசீதாக ஏற்பதில்லை. விடுதியின் வரி எண்ணோடு, தங்கியவரின் பெயரோடு, முத்திரையோடு வேண்டும் என்கிறது. 400 ரூபாய் மிச்சம்பிடித்தவர் 3,600 ரூபாயை இழக்கிறார். அறை எடுக்குமுன்பே, 'தளத்தில் கட்டிய முழுத் தொகைக்கும் உங்கள் ரசீது தருவீர்களா' என்று விடுதியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் அவருக்குள்ள ஒரே காப்பு. பயணம் ரத்தானால் நிலைமை இன்னும் மோசம். ஒப்புதல் மறுக்கப்பட்டதாலோ கருத்தரங்கம் தள்ளிவைக்கப்பட்டதாலோ வீணான, ரத்து செய்ய இயலாத வாடகையை, 'நடக்காத பயணத்துக்குப் படி இல்லை' என்று நிதிப் பிரிவு திருப்பி அனுப்பும். ஆகவே அனுபவப்பட்ட மாணவர் ரத்து செய்யத்தக்க கூடுதல் வாடகைக்கே அறை எடுக்கிறார். உயர்ந்த எல்லை உள்ள பேராசிரியர் செய்வதும் அதையேதான். வேறுபாடு, அவருடைய எல்லைக்குள் அது அடங்கிவிடுகிறது.

முன்கூட்டியே வாங்கினால் மலிவு என்பதை அரசு அறியாமலில்லை. 2022 ஜூனில் ஒன்றிய நிதி அமைச்சகம், அரசுச் செலவில் வானூர்தியில் செல்லும் ஊழியர்கள் பயணத்துக்கு 21 நாள் முன்பே சீட்டு வாங்க வேண்டுமென்று அறிவுறுத்தியது. 72 மணி நேரத்துக்குள் வாங்கினால் காரணம் எழுதித் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் பயணத்துக்கு ஒப்புதல் தரும் கோப்பு 21 நாளுக்கு முன் முடிவாக வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் தனக்குத்தானே விதித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டியவர் எப்போதும் பயணி. கோப்பை வைத்திருந்தவர் எழுத வேண்டியதில்லை.

செய்யத்தக்கவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தளத்தின் உறுதிச்சீட்டு, வங்கிக் கணக்கில் பணம் போனதற்கான சான்று, கருத்தரங்கில் கலந்துகொண்ட சான்றிதழ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தங்கியதற்கு ஆதாரமாகக் கொள்ளலாம் என்று ஒரு நிதிக்குழுத் தீர்மானம் போதும். பயணம் ஆய்வாளரின் பிழையின்றி நின்றுபோனால் ரத்துக் கட்டணத்தைத் தற்செயல் நிதியிலிருந்து எடுக்க அனுமதிக்கலாம். டெல்லி, கொல்கத்தா, மும்பை ஆவணக் காப்பகங்களுக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அனுப்பும் வரலாற்றுத் துறைகள் சில சேர்ந்து, ஒவ்வோர் ஊரிலும் ஒரு விடுதியோடு ஆண்டு வாடகை பேசலாம். தனியொருவர் தொலைபேசியில் பெறும் 250 ரூபாய்ச் சலுகையைவிட, ஆண்டுக்கு 200 இரவுகள் உறுதி தரும் ஐந்து துறைகள் பெறும் சலுகை பெரிதாகவே இருக்கும். பல்கலைக்கழக விருந்தினர் இல்லங்கள் பிற பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களுக்கு அறை தருவதில் காட்டும் சுணக்கமும் தேவையற்றது. திருமண விருந்தினர்க்குத் திறக்கும் கதவு ஆய்வு மாணவர்க்கு மூடியிருக்கும் வளாகங்கள் சில உண்டு.

அதுவரை மாணவர்க்குச் சட்டம் தரும் ஒரு வசதியைச் சொல்லிவைக்கலாம். முன்பதிவு செய்த அறை மறுக்கப்பட்டாலோ, தளம் பணத்தைத் திருப்ப மறுத்தாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அது பயன்படாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விடுதி எந்த ஊரில் இருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. முன்பதிவுச் சீட்டு, குறுஞ்செய்திகள், வரவேற்பு மேசையில் மறுக்கப்பட்ட நேரம், அன்றிரவு வேறிடத்தில் தங்கிய ரசீது ஆகியவற்றை அன்றே சேர்த்து வைத்துக்கொண்டால் மனு எழுத ஒரு மாலை போதும்.